ரேகை விழலைன்னா அரிசி இல்லையா? ரேஷன் கடையில் குறையுள்ள தொழில்நுட்பம் ஜெயித்தது எப்படி?

"இன்னொரு விரலை வைங்கம்மா..."

"சேலையில துடைச்சிட்டு வைங்க..."

"நெட் சுத்துது, கொஞ்சம் உக்காருங்க..."

"இன்னைக்கு விழாது போல. நாளைக்கு வாங்க."

திண்டுக்கல் மாவட்டம் குஜிலியம்பாறை பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். குஜிலியம்பாறை வானம் பார்த்த பூமி. களை எடுப்பது, கட்டட வேலை, கல் உடைப்பது, 100 நாள் வேலை என்று கையை நம்பிப் பிழைப்பவர்கள் அதிகம். பக்கத்தில் கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருக்கிறது. மண்ணிலும் கல்லிலும் சிமென்ட்டிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

ஆனால், அந்த ரேகையைத்தான் மெஷின் கேட்கிறது. இத்தனைக்கும் இதற்கு முன்பு கார்டை ஸ்கேன் செய்தாலே பொருள் கிடைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் இடத்தில், அடிக்கடி சறுக்கும் ஒன்று எப்படி வந்து உட்கார்ந்தது? இது வெறும் ரேஷன் கடைக் கேள்வி இல்லை. கம்ப்யூட்டர் உலகம் முழுக்க திரும்பத் திரும்ப எழும் கேள்வி. விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வந்தது.

• கைரேகையைவிட கவனமாக வடிவமைக்கப்பட்ட முறைகள் இந்தியாவிலேயே இருந்தன. அவை நாடு முழுக்கப் பரவவில்லை.

• காரணம், தரம் அல்ல. ஏற்கெனவே கையில் இருந்தது, எல்லோருக்கும் பொதுவானது, நிதிச் சலுகையோடு வந்தது என்பவையே.

• முக்கியமாக, மெஷின் தோற்றால் அதன் நஷ்டம் மெஷினை வாங்கியவருக்கு இல்லை, வரிசையில் நிற்பவருக்கு.

• ரேகை விழவில்லை என்றால் உங்களுக்கு மாற்று வழிகள் உண்டு. அவை கட்டுரையின் கடைசியில்.

முன்பு எப்படி இருந்தது?

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமானது. மற்ற பல மாநிலங்களைப் போல ஏழை, ஏழை அல்லாதவர் என்று பிரித்து, ஏழை அல்லாதவரின் கார்டைத் தூக்கி எறிவது இங்கு இல்லை. 2 கோடிக்கும் அதிகமான குடும்ப அட்டைகள் இருக்கின்றன. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்.

பழைய காகித கார்டில் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்த நிலையில், 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு விநியோகம் தொடங்கியது. கார்டில் ஒரு க்யூஆர் கோடு. கடையில் உள்ள மெஷின் அதை ஸ்கேன் செய்யும். பில் போட்டதும் பதிவு செய்த செல்போனுக்கு மெசேஜ் வரும். பாட்டிக்கு நடக்க முடியவில்லை என்றால் பேரன் கார்டை எடுத்துக்கொண்டு போவான். அவனும் இல்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா போவார்.

குறை இல்லையா? இருந்தது. வாங்காத பொருளுக்கு "வாங்கிவிட்டீர்கள்" என்று மெசேஜ் வந்ததாக பல ஊர்களில் புகார் எழுந்தது. கார்டுதாரர் நேரில் வந்தாரா என்பதை அந்த முறையால் உறுதி செய்ய முடியவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் கைரேகை என்று சொல்லப்பட்டது. 2020 அக்டோபர் 1 முதல் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, கைரேகைப் பதிவும் சேர்ந்து வந்தது.

மெஷின் எங்கே சறுக்குகிறது?

விரலை வைத்ததும் நடப்பது இதுதான்: மெஷின் ரேகையைப் படம் பிடிக்கிறது. அது இணையம் வழியாக ஆதார் சர்வருக்குப் போகிறது. முன்பு பதிந்த ரேகையோடு ஒப்பிட்டு, "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் வருகிறது.

இதற்கு ஐந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். மின்சாரம் அல்லது பேட்டரி, மெஷின், சிக்னல், சர்வர், விரல். ஒரு எளிய கணக்கு போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 100-க்கு 97 முறை சரியாக வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மார்க்தான். ஆனால் ஐந்தும் சேர்ந்து சரியாக இருப்பது 100-க்கு 86 முறைதான். அதாவது 14 பேர் மீண்டும் முயற்சிக்க வேண்டும், அல்லது திரும்பிப் போக வேண்டும்.

இதில் விரல் தனிக் கதை. வயதானால் தோல் வறண்டு சுருங்கும். சுண்ணாம்பும் சிமென்ட்டும் தோலை அரிக்கும். தொழுநோயால் விரல் பாதிக்கப்பட்டவர்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகளை எடுப்பவர்களுக்கும் ரேகை மங்கலாம். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவரின் விரலில் பிரச்னை குறைவு. கொத்தனார், சித்தாள், பூ கட்டுபவர், பாத்திரம் தேய்ப்பவர் ஆகியோருக்கே அதிகம். ரேஷன் யாருக்கு மிகவும் தேவையோ, அவரிடம்தான் மெஷின் அதிகம் தோற்கிறது.

கார்டில் பெயர் உள்ள யாராவது ஒருவர் ரேகை வைத்தால் போதும் என்பது தமிழ்நாட்டில் உள்ள நல்ல ஏற்பாடு. நாலு பேர் உள்ள வீட்டில் சமாளித்துவிடலாம். ஆனால், தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் ஒரு நபர் கார்டுக்கு அந்த வசதி இல்லை. அவர் விரல் மட்டுமே சாவி.

அரசுத் தரப்பின் கணக்கு என்ன சொல்கிறது?

2018 மார்ச்சில், ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி நேரில் விளக்கம் அளித்தார். அரசு சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு வெற்றி விகிதம் 88 சதவீதம் என்று அப்போது சொல்லப்பட்டது. சரிபார்ப்பு தோற்றால் சேவை மறுக்கப்பட்டதாக அர்த்தம் இல்லை, மாற்று வழி உண்டு என்பது ஆணையத்தின் வாதம். காகிதத்தில் அது சரி. கடை வாசலில் அந்த மாற்று வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2022 ஏப்ரலில் வெளியான மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை இன்னொரு கோணத்தைக் காட்டியது. 2018-19-ல் நடந்த 3.04 கோடி பயோமெட்ரிக் திருத்தங்களில் 73 சதவீதத்துக்கும் மேல், பதிவு சரியில்லாததால் மக்களே போய்க் கட்டணம் கட்டிச் செய்துகொண்டவை. அதாவது முதலில் எடுத்த பதிவின் தரம் சரியில்லை. அதைச் சரிசெய்யும் செலவு மக்கள் தலையில்.

இதைவிட நல்ல முறை இருந்ததா?

இருந்தது. அதுவும் பக்கத்து மாநிலத்தில்.

ஒருங்கிணைந்த ஆந்திராவில் 100 நாள் வேலை ஊதியத்துக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஸ்மார்ட் கார்டு கொண்டுவரப்பட்டது. அதிலும் கைரேகை உண்டு. ஆனால் பணம் ஊருக்குள்ளேயே, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண் ஒருவர் மூலம் கொடுக்கப்பட்டது. கார்டு வராதவர்களுக்கும், ரேகை பொருந்தாதவர்களுக்கும் பணத்தை நிறுத்தவில்லை. பழைய முறையில் கொடுக்க வழி திறந்தே இருந்தது.

பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் இதை 8 மாவட்டங்களில் 157 மண்டலங்களில் ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலைத் திட்டத்தில் பணம் கசிவது சுமார் 41 சதவீதம் குறைந்திருந்தது. பணம் வேகமாகக் கைக்கு வந்தது. பயனாளிகள் வெளியேற்றப்பட்டதற்கு அறிகுறி இல்லை.

அதே ஆய்வாளர்கள் அடுத்து ஜார்க்கண்டுக்குப் போனார்கள். அங்கே ரேஷனில் ஆதார் கைரேகை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2020-ல் வந்த அந்த முடிவு நேர் எதிர். கைரேகையைக் கட்டாயமாக்கியதால் மட்டும் கசிவு குறையவில்லை. மக்களுக்கு அலைச்சல் கூடியது. ஆதார் இணைக்கப்படாத கார்டுதாரர்களுக்குக் கிடைத்த பலன் சுமார் 10 சதவீதம் குறைந்தது.

இரண்டு இடத்திலும் விரல்தான். வித்தியாசம் வடிவமைப்பில். ஒரு முறை, "மெஷின் தோற்கும், அப்போது மனிதர் தோற்கக் கூடாது" என்று யோசித்துக் கட்டப்பட்டது. இன்னொன்று, "மெஷின் சொல்வதே முடிவு" என்று கட்டப்பட்டது.

சத்தீஸ்கர் இன்னொரு உதாரணம். 2012-ல் ராய்ப்பூரில் ஸ்மார்ட் கார்டு மூலம், விரும்பிய கடையில் ரேஷன் வாங்கும் முறை தொடங்கியது. கடைக்காரர் சரியில்லை என்றால் மக்கள் வேறு கடைக்குப் போய்விடலாம். அதுவே கடைக்காரருக்கு ஒரு கடிவாளம்.

அப்புறம் ஏன் இது ஜெயித்தது?

ஒன்று: ஏற்கெனவே கையில் இருந்தது

2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டிவிட்டது. புதிய கார்டு அடிக்க வேண்டாம், புதிதாக ஆள் சேர்க்க வேண்டாம், எல்லோருடைய விரலும் சர்வரில் இருக்கிறது. ஒரு துறை அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். ஆந்திரா பாணியில் ஊர் ஊராக ஆள் போட்டு, கார்டு கொடுத்து, தோல்விக்கு மாற்று வழி வைத்து ஒரு முறையைக் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆதாரோடு இணைக்க ஒரு உத்தரவு போதும்.

கம்ப்யூட்டர் உலகில் இது பழைய கதை. அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ரிச்சர்ட் கேப்ரியல், 'மோசமானதே மேல்' என்ற பொருளில் ஒரு வாதத்தை 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்தார். எளிமையாக, அரைகுறையாக இருக்கும் ஒன்று முதலில் பரவிவிடும். எல்லோரும் அதற்குப் பழகிவிடுவார்கள். பிறகு அதை ஓரளவு சரிசெய்தாலே போதும். முழுமையாகச் செய்ய நினைத்தவர் அதற்குள் பின்தங்கிவிடுவார்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறக்காது என்பதே அதன் பெருமை. ஆனால் மார்க்கெட்டைப் பிடித்தது அலிகாரில் இருந்து மெஷினில் செய்து வரும் மலிவான பூட்டு. நல்ல பூட்டு எது என்பது தெரியாமல் அல்ல. மலிவாக எல்லாக் கடையிலும் கிடைத்தது எது என்பதால்.

இரண்டு: நிதிச் சலுகையோடு வந்தது

கொரோனா காலத்தில், 2020 மே மாதம், மாநிலங்கள் கூடுதலாகக் கடன் வாங்க மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் அதில் ஒரு பகுதிக்கு நிபந்தனைகள் இருந்தன. ஒரே நாடு ஒரே ரேஷனை நிறைவேற்றினால் மாநில உற்பத்தி மதிப்பில் 0.25 சதவீதம் கூடுதல் கடன். அதற்கு எல்லா கார்டிலும் ஆதார் இணைக்க வேண்டும். எல்லா ரேஷன் கடையிலும் மெஷின் வேண்டும். இதை நிறைவேற்றிய தமிழ்நாட்டுக்கு 4,813 கோடி ரூபாய் கூடுதல் கடன் வாங்க அனுமதி கிடைத்தது. வருமானம் படுத்துவிட்ட காலத்தில் எந்த மாநில அரசும் இதை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். "இந்த மெஷின் நல்லா வேலை செய்யுதா?" என்ற கேள்வி அந்த நிபந்தனையில் இல்லை.

மூன்று: சட்டம் பக்கபலமாக நின்றது

2016 ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவு, அரசு மானியங்களுக்கு ஆதாரைக் கேட்க வழி செய்கிறது. 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் ஆதாரையும் இந்தப் பிரிவையும் ஏற்றது. சரிபார்ப்பு தோற்பதால் உரியவர்கள் விடுபட்டுவிடக் கூடாது என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார்.

நான்கு: தோல்வி கணக்கில் வருவதில்லை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

மெஷினில் ரேகை விழுந்து பில் போட்டால் அது பதிவாகிறது. மாதக் கடைசியில் "இத்தனை லட்சம் பரிவர்த்தனை வெற்றி" என்று கணக்கு வருகிறது. மூன்று விரல் வைத்துப் பார்த்து முடியாமல், அரை நாள் கூலியை விட்டுத் திரும்பிப் போனவரின் கணக்கு எங்கே பதிவாகிறது? சர்வரில் "பொருந்தவில்லை" என்று ஒரு வரி இருக்கலாம். அவர் மறுநாள் வந்தாரா, வாங்காமலே விட்டாரா, ஆட்டோவுக்கு எவ்வளவு செலவு செய்தார் என்பது எந்த அறிக்கையிலும் வராது. சில சமயம் அதைவிட மோசமாகவும் ஆகிறது: வாங்காமல் போன அரிசி, "மிச்சப்படுத்திய அரிசி" என்று சேமிப்புக் கணக்கில் சேரும் அபாயம் உண்டு.

ஒரு கருவி தோற்றால் அதை வாங்கியவருக்கு நஷ்டம் என்றால், அவர் அடுத்த நாளே நல்ல கருவியைத் தேடுவார். நஷ்டம் வேறு ஒருவருக்கு என்றால், அவருக்கு அவசரம் இல்லை. குறையுள்ள தொழில்நுட்பம் நீடித்து நிற்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

ஐந்து: வந்தால் போகாது

மெஷின் வாங்கியாச்சு, ஒப்பந்தம் போட்டாச்சு, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாச்சு, எல்லா மாநிலத்தோடும் இணைச்சாச்சு. இனி மாற்றுவது என்றால் நாடு முழுக்க மாற்ற வேண்டும். அதனால் குறைக்கு மருந்தாக அதே முறைமீது இன்னொன்று ஒட்டப்படுகிறது. காகித கார்டில் உள்தாள் ஒட்டியது போலத்தான்.

கைரேகையால் நன்மையே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. வேடசந்தூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி, சொந்த ஊர் கார்டை வைத்து இங்கே தன் பங்கு அரிசியை வாங்க முடிகிறது என்றால், அதற்கு நாடு முழுக்க ஒரே அடையாள முறை இருப்பதுதான் காரணம். 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததோடு எல்லா மாநிலங்களும் இதில் வந்துவிட்டன. வேறொருவர் பெயரில் பில் போடுவதும் இப்போது முன்பைவிடக் கடினம்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரேஷனில் திருட்டு இரண்டு வகை. ஒன்று, ஆள் மாறாட்டம். மற்றொன்று, எடை குறைப்பு. கைரேகை முதல் வகையைத் தடுக்கலாம். விரலை வாங்கிக்கொண்டு 20 கிலோவுக்கு 18 கிலோ போட்டால், அதை மெஷினின் ரேகைக் கண்ணாடி பார்க்காது. "உங்கள் ரேகை பதிவாகியிருக்கிறதே" என்ற ஒரு சாட்சிதான் மிஞ்சும்.

விரலை மாற்ற முடியுமா?

கைரேகையில் இன்னொரு அடிப்படைச் சிக்கல் உண்டு. ஏடிஎம் பின் நம்பர் கசிந்தால் மாற்றலாம். கார்டு தொலைந்தால் புதுசு வாங்கலாம். பூட்டுச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றலாம். விரலை?

நாம் தொடும் இடமெல்லாம் ரேகை இருக்கிறது. பத்திரப் பதிவிலும் இருக்கிறது. 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு வியாபாரி ஒருவர், பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களில் இருந்து ரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, அதை வைத்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்ததாகக் கைது செய்யப்பட்டார். இதே பாணியில் ஆதார் வழி பணம் எடுக்கும் மோசடிகளும் பல மாநிலங்களில் பதிவாயின. 2023 பிப்ரவரியில், வைத்திருப்பது உயிருள்ள விரலா என்று கண்டறியும் கூடுதல் தொழில்நுட்பத்தை ஆதார் ஆணையம் அறிமுகப்படுத்தியது. முதலிலேயே இருந்திருக்க வேண்டிய பாதுகாப்பு, மோசடி நடந்த பிறகு வந்தது.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியா?

மெஷினை நம்பி மனிதரை நம்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்தது பெரிய பாடம். அங்கே அஞ்சல் துறையில் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. அதில் இருந்த பிழையால், பணம் குறைவதாகக் கணக்கு காட்டியது. கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் திருடிவிட்டதாக வழக்கு போடப்பட்டது. 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், வீட்டை இழந்தார்கள். "நான் எடுக்கவில்லை" என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. கடைசியில் 2024 மே மாதம், அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

நம் ஊரிலும் இதன் நிழல் உண்டு. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். ஆதார் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தாகி, பல மாதம் அரிசி கிடைக்கவில்லை என்றது குடும்பம். மலேரியாதான் காரணம் என்றது நிர்வாகம். அதற்கு அடுத்த மாதமே, ஆதார் இணைக்கவில்லை என்ற காரணத்துக்காக ரேஷனை மறுக்கக் கூடாது, கார்டை நீக்கக் கூடாது என்று மத்திய உணவுத்துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டில் என்ன மாறியிருக்கிறது?

கைரேகை வந்த முதல் மாதமே கடைகளில் தள்ளுமுள்ளு, சர்வர் கோளாறு என்று புகார்கள் குவிந்தன. அதன்பின் சில மாற்றங்கள் வந்தன.

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் இருந்து தேர்வாகி, 2021-ல் உணவுத்துறை அமைச்சரான அர.சக்கரபாணி காலத்தில், 2023-ல் கருவிழிப் பதிவு சோதனை முறையில் தொடங்கி, படிப்படியாக மற்ற இடங்களுக்கும் விரிந்தது. விரல் தேய்ந்தவர்களுக்கு இது உதவுகிறது. கண்புரை உள்ள முதியவர்களுக்கு இதிலும் சிக்கல் வரலாம்.

2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கப்பட்ட 'முதலமைச்சரின் தாயுமானவர்' திட்டம் வேறு திசையில் யோசித்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் என 21.7 லட்சம் பேருக்கு வீடு தேடிப் பொருள் கொண்டுபோகும் திட்டம் இது. கடைக்கு வர முடியாதவரிடம் கடை போகிறது. இதில் புதிய கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. யாரிடம் முறை தோற்கிறது என்று பார்த்து, அவரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. நல்ல வடிவமைப்பு என்பது பல நேரம் இவ்வளவுதான்.

ரேகை விழவில்லை என்றால் என்ன செய்யலாம்?

• ஒரு விரலோடு விடாதீர்கள். பத்து விரலையும் முயற்சிக்கலாம். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, லேசாக எண்ணெயோ கிரீமோ தடவித் துடைத்துவிட்டு வைத்தால் வறண்ட விரலிலும் விழ வாய்ப்பு கூடும்.

• கார்டில் பெயர் உள்ள வேறு ஒருவர் ரேகை வைக்கலாம்.

• கடையில் கருவிழி மெஷின் இருக்கிறதா, செல்போனுக்கு ஓடிபி அனுப்பும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

• ரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பதே அரசின் அறிவுறுத்தல். "பதிவேட்டில் எழுதிக் கொடுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

• கடைக்கே வர முடியாத முதியவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் தங்கள் சார்பில் ஒருவரை நியமிக்கலாம். இதற்கு 'அங்கீகாரச் சான்று' படிவம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் உள்ள வட்ட வழங்கல் பிரிவில் விசாரியுங்கள்.

• தொடர்ந்து விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் உண்டு.

• ஆதாரில் 'பயோமெட்ரிக் லாக்' போட்டிருந்தால் ரேகை பொருந்தாது. மோசடியைத் தடுக்க அது நல்ல வசதிதான். ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் முன் லாக்கை எடுக்க மறக்காதீர்கள்.

• வாங்காத பொருளுக்கு மெசேஜ் வந்தாலோ, பொருள் மறுக்கப்பட்டாலோ 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆதார் தொடர்பான சந்தேகத்துக்கு 1947.

• திரும்பி அனுப்பப்பட்டால் தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

கடைசியாகச் சொன்ன விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் திரும்பிப் போனவர்களின் கணக்கு எங்கேயும் எழுதப்படாததால்தான் இந்த முறை நன்றாக ஓடுவதாக மேலே தெரிகிறது. குஜிலியம்பாறையில் ஒரு கடையில் ஒரு மாதத்தில் எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பினார்கள் என்று கடைப் பதிவேட்டிலேயே ஒரு பத்தி இருந்து, அது மாதாமாதம் மாவட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனால், அதைக் குறைக்க வேண்டிய பொறுப்பும் யாரோ ஒருவர் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும்.